மயக்கமருந்துக்கு யார் அனுமதி தருவது? – கெற்றமினும் வியன்னாவின் அட்டவணைகளும்

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. பெருந்தொகையான சத்திரசிகிச்சைகளும் கை, கால் அகற்றல்களும் மயக்கமருந்து இல்லாமலே செய்யப்பட்டன. சத்திரசிகிச்சைக் கத்திக்குப் பதிலாக இறைச்சி வெட்டும் கத்தி. பன்டேஜுக்குப் பதிலாகப் பழைய சாரமும் பருத்தித் துணியும். சில சமயங்களில் மரத்தின் கீழேயே சத்திரசிகிச்சை நடந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில், ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணைக்குழு வியன்னாவில் கூடியது. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு மயக்கமருந்தும் இருந்தது. அதன் பெயர் கெற்றமின். அதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சீனா கேட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. அந்தக் கூட்டம் எங்கள் பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அங்கே எழுந்த கேள்வி எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. ஒரு மருந்து எல்லையைத் தாண்டுவதற்கு யாருடைய கையெழுத்து தேவை? அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் வாங்கில் கிடத்தியிருக்கும் காயக்காரருக்கு என்ன ஆகும்?

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வன்னியில் மயக்கமருந்து இல்லாமல் போனதற்குச் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் காரணமல்ல. கெற்றமின் அப்போதும் சர்வதேசப் பட்டியலில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. அங்கே தடுத்தது உள்நாட்டு அனுமதி. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான பூட்டு. சாவி இரண்டு இடத்திலும் அரசாங்கத்தின் கையில்.

கெற்றமினை 1962இல் அமெரிக்காவில், பார்க் டேவிஸ் மருந்துக் கம்பனிக்காக வேலை செய்த கல்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970இல் அமெரிக்காவில் மனிதப் பாவனைக்கு அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயப்பட்ட படையினருக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்துதான் அது போர்க்கள மருந்து என்று பெயர் எடுத்தது.

ஏன் போர்க்களத்துக்குப் பொருந்துகிறது? மற்ற மயக்கமருந்துகளில் பல நோயாளியின் மூச்சை அமுக்கும், இரத்த அழுத்தத்தை இறக்கும். அவற்றைக் கொடுப்பதற்கு ஒட்சிசன், செயற்கைச் சுவாச இயந்திரம், இவை ஓடுவதற்கு மின்சாரம், இவற்றைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற மயக்கமருந்து வைத்தியர் எல்லாம் வேண்டும். கெற்றமின் வழக்கமான அளவில் மூச்சை நிறுத்துவதில்லை. இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும். இரத்தம் இழந்து கிடப்பவருக்கு இது பெரிய விடயம். நாளம் கிடைக்காவிட்டால் தசையிலும் ஊசி போடலாம். ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லாத இடத்திலும் ஒரு காலை அகற்றி உயிரைக் காப்பாற்ற முடிகிற மருந்து அது. 1985இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2018இல் தாய்லாந்துக் குகைக்குள் வெள்ளத்தில் சிக்கிய 12 சிறுவர்களையும் அவர்களது பயிற்றுநரையும் சுழியோடிகள் வெளியே கொண்டுவந்தபோது, அவர்கள் தண்ணீருக்குள் பதறி உயிரை விடாமல் மயக்கி வைத்திருந்ததும் இதே மருந்துதான்.

இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சிறிய அளவில் எடுத்தால் தன் உடலிலிருந்தே விலகி மிதப்பது போன்ற உணர்வைத் தரும். அதற்காகவே இரவுக் களியாட்டங்களில் இளைஞர்கள் அதை மூக்கால் உறிஞ்சத் தொடங்கினார்கள். சீனாவிலும் ஹொங்கொங்கிலும் அது பெரும் சீரழிவாக மாறியது. நீண்டகாலம் பாவித்தால் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகும். இருபது வயதுப் பிள்ளைகள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மலசலகூடத்துக்கு ஓட வேண்டிய நிலை. சீனாவின் கவலை பொய்யானது அல்ல.

சீனா அதைச் சேர்க்கச் சொன்ன பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் ஒப்பந்தம் முக்கியமாக அபின், மோர்பின், ஹெரோயின், கொக்கெயின், கஞ்சா போன்றவற்றைக் கவனித்தது. மருந்துக் கம்பனிகள் புதிதாகச் செய்து விற்ற நித்திரைக் குளிசைகளும் உற்சாகக் குளிசைகளும், எல்.எஸ்.டி. போன்றவையும் அதற்குள் அகப்படவில்லை. மூளையில் வேலை செய்து மனநிலையை மாற்றும் இந்தப் பொருட்களைத்தான் உளமாற்றுப் பொருட்கள் என்கிறோம். அவற்றுக்காக 1971 பெப்ரவரி 21ஆம் திகதி வியன்னாவில் தனி ஒப்பந்தம் ஒன்று ஏற்கப்பட்டது. 1976 ஓகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது.

இலங்கை 1993இல் அதில் இணைந்தது. நாங்கள்தான் பிந்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியம் 1995இல், சுவிற்சர்லாந்து 1996இல், ஒஸ்ரியா 1997இல்தான் வந்தன. உலகத்துக்கு மருந்து செய்து விற்ற நாடுகளில் சில, அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் வறிய நாடுகளுக்குப் பின்னால் வந்து கையெழுத்திட்டன என்பதை ஒரு பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் நான்கு அட்டவணைகள் உண்டு. எல்.எஸ்.டி. போன்றவை முதலாவதில். அதில் சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சிக்கும் மிகவும் மட்டுப்பட்ட மருத்துவத் தேவைக்கும் தவிர எதற்கும் பாவிக்க முடியாது. இன்று எங்கள் ஊர்களில் 'ஐஸ்' என்ற பெயரில் புழங்கும் மெதம்பெற்றமின் இரண்டாவதில். மூன்றாவதில் சில வலிநிவாரணிகளும் கடுமையான நித்திரை மருந்துகளும். நான்காவது அட்டவணைதான் எங்கள் வீட்டு அலுமாரிகளுக்குள் இருப்பது: டயசிபாம், குளொனசிபாம், அல்பிரசோலாம், பீனோபாபிற்றோன். போருக்குப் பிறகு நித்திரை வராமலும், நெஞ்சு படபடத்தும், வலிப்பு வந்தும் கிளினிக்குக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர்களில் ஒன்றிரண்டு பழக்கமானவை.

முதல் இரண்டு அட்டவணைகளிலுள்ள பொருள் எல்லை தாண்டும் விதம் இதுதான். வாங்கும் நாட்டின் அதிகாரசபை இறக்குமதி அனுமதிப்பத்திரம் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே விற்கும் நாடு ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் கொடுக்கலாம். அதன் பிரதி சரக்கோடு போகும். இன்னொரு பிரதி வாங்கும் நாட்டின் அரசாங்கத்துக்குப் போகும். சரக்கு வந்து சேர்ந்ததும், உண்மையில் எவ்வளவு வந்தது என்று எழுதி அந்தப் பத்திரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். வழியில் ஒரு பெட்டி குறைந்தாலும் தெரிந்துவிடும். மூன்றாவது அட்டவணைக்கு ஏற்றுமதியாளரின் அறிவித்தல் போதும். அனுப்பி 90 நாட்களுக்குள் அதை வாங்கும் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்காவதுக்கு, ஒப்பந்தத்தின்படி, இந்தப் பத்திரங்கள் எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் பிறகு ஐ.நா.வின் பொருளாதார சமூக சபை, மூன்றாம் நான்காம் அட்டவணைகளுக்கும் அனுமதிப்பத்திர முறையைப் பின்பற்றும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பல நாடுகள் அப்படியே செய்கின்றன. அத்தோடு ஒவ்வொரு நாடும் தனக்கு ஒரு வருடத்துக்கு இந்தப் பொருளில் எத்தனை கிலோ தேவை என்று ஒரு மதிப்பீட்டை வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபைக்கு அனுப்புகிறது. பதின்மூன்று உறுப்பினர்கள் கொண்ட சபை அது. அந்தத் தொகைக்கு மேல் யாராவது வாங்கக் கேட்டால், விற்கும் நாடு நிறுத்தி விசாரிக்கும்.

இந்த முறை பயனற்றது என்று சொல்ல முடியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மெதாகுவலோன் போன்ற குளிசைகள் சட்டபூர்வமான தொழிற்சாலைகளிலிருந்தே, சட்டபூர்வமான கப்பல்களில், போலிப் பத்திரங்களோடு, தொன் கணக்கில் வேறு கண்டங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பத்திரங்களை இரு பக்கமும் ஒப்பிடத் தொடங்கிய பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. இன்று கள்ளச் சந்தைக்குப் போவது அதிகமும் கள்ள ஆய்வுகூடங்களில் செய்யப்பட்டதுதான். ஐஸ் அப்படிப்பட்டது. அதற்கு எந்த அனுமதிப்பத்திரமும் தேவைப்பட்டதே இல்லை.

சட்டபூர்வமாக மருந்து வாங்குபவருக்குத்தான் பத்திரம் தேவை. இந்த இடத்தில்தான் பீனோபாபிற்றோனின் கதையைச் சொல்ல வேண்டும்.

1912இலிருந்து சந்தையில் உள்ள மருந்து அது. வலிப்புக்கு மிக மலிவான மருந்துகளில் ஒன்று. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட 80 வீதமானோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். சரியான மருந்து கிடைத்தால் 70 வீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலையில் ஷெல் துண்டு பாய்ந்தவர்களுக்குப் பல வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம் என்பதை எங்கள் பகுதி வைத்தியர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இவ்வளவு மலிவான மருந்து, நான்காவது அட்டவணையில் இருப்பதால், ஒரு சிறிய நாடு வாங்கும்போது அனுமதிப்பத்திரம், பதிவேடு, பூட்டிய அறை, தனிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கூடிவிடுகிறது. இலாபமோ மிகக் குறைவு. இறக்குமதியாளர் ஏன் மினக்கெட வேண்டும்? வேறு மருந்தைக் கொண்டுவருகிறார். யாரும் எதையும் தடைசெய்யவில்லை. ஆனாலும் மருந்து வருவது நின்றுவிடுகிறது.

2015இல் வியன்னாவில் கெற்றமினுக்காக வாதாடியவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். சீனா முதலில் கேட்டது முதலாம் அட்டவணை. எதிர்ப்பு வந்ததும் நான்காம் அட்டவணை போதும் என்று இறங்கியது. அது மிக இலேசான கட்டுப்பாடு, மருத்துவப் பாவனைக்கு இடைஞ்சல் வராது என்பது அதன் வாதம். காகிதத்தில் அது சரி. ஆனால் பீனோபாபிற்றோனும் அதே இலேசான அட்டவணையில்தானே இருக்கிறது என்றார்கள் மற்றப் பக்கத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2006, 2012, 2014 என்று மூன்று தடவை ஆராய்ந்து ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: கெற்றமினின் துஷ்பிரயோகம் சில நாடுகளில் உண்மையான பிரச்சினை, ஆனால் அதைச் சர்வதேச அட்டவணைக்குள் கொண்டுவந்தால், வேறு மயக்கமருந்தே இல்லாத இடங்களில் சத்திரசிகிச்சை நின்றுவிடும். அதே 2015இல் லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒன்று, உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான சத்திரசிகிச்சையும் மயக்கமருந்தும் கிடைப்பதில்லை என்று கணக்கிட்டது.

53 நாடுகள் அங்கம் வகிக்கும் போதைப்பொருள் ஆணைக்குழு வாக்கெடுப்புக்குப் போகவில்லை. கூடுதல் தகவல் வேண்டும் என்று தள்ளிவைத்தது. அந்த வருடம் நவம்பரில் நிபுணர் குழு நான்காவது தடவையாகவும் வேண்டாம் என்றது. விரும்பிய நாடு தன் சட்டத்தில் கட்டுப்படுத்திக்கொள்ளலாம். சீனா, இந்தியா, பிரித்தானியா எல்லாம் அப்படிச் செய்திருக்கின்றன. என் பார்வையில் இது சரியான முடிவு. ஹொங்கொங்கின் களியாட்ட விடுதியில் நடப்பதற்காகத் தென்சூடானின் கூடார வைத்தியசாலையில் இருப்பவர் விலை கொடுக்கக் கூடாது.

ஆனால் 'அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளும்' என்ற அந்த வசனத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டு முறை முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. ஓர் அரசாங்கம் தன் நாட்டில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று நேர்மையாகக் கணக்கிடும் என்ற நம்பிக்கை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி நடந்தது என்று தெரியும். பற்றரி, சீமெந்து, யூரியா, பெற்றோல் எல்லாம் தடைப் பட்டியலில். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது. மருந்துகள் கொழும்பின் சுகாதார அமைச்சிலிருந்து புறப்பட்டாலும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் வந்து சேராது. கேட்டது ஒரு தொகை, வந்தது வேறொரு தொகை.

2009இல் அது உச்சத்துக்குப் போனது. ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை இரண்டு விடயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. மோதல் வலயத்திலிருந்த மக்களுக்கு உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்குரிய பொருட்களும், அரசாங்கத்தால் திட்டமிட்டு மறுக்கப்பட்டன. அதற்காக உள்ளே இருந்த மக்களின் தொகை வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்பட்டது. (மக்களை வெளியேற விடாமல் தடுத்ததற்காக விடுதலைப் புலிகள் மீதும் அதே அறிக்கை குற்றம் சாட்டுகிறது.) ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மருந்தின் அளவு தானாகக் குறையும். அதற்குப் பிறகு எந்தப் பத்திரத்திலும் பிழை இருக்காது. கணக்குகள் சரியாகப் பொருந்தும்.

அவசர காலங்களுக்கென்று விதிவிலக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1996இல் உலக சுகாதார நிறுவனமும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையும் சேர்ந்து மாதிரி வழிகாட்டி ஒன்றைத் தயாரித்தன. பூமியதிர்ச்சி, போர் போன்ற நிலைமைகளில், பாதிக்கப்பட்ட நாட்டின் இறக்குமதி அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருக்காமல், நம்பகமான மனிதாபிமான நிறுவனங்கள் ஊடாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அனுப்பலாம் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது, அனுமதி கொடுக்க வேண்டிய அலுவலகம் இடிந்து விழுந்துவிட்டது, அல்லது அங்கே ஆளில்லை என்ற நிலைமைக்காக எழுதப்பட்டது. அலுவலகம் நன்றாக இயங்குகிறது, அதிகாரி நாற்காலியில் இருக்கிறார், ஆனால் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் அந்த வழிகாட்டியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கப்பல் அந்த நாட்டின் துறைமுகத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

இன்று வடக்கில் நாங்கள் வேறு விதமான நெருக்கடியில் நிற்கிறோம். பிள்ளைகளிடம் ஐஸ் பிடிபடுகிறது. 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம். ஆனாலும் வரத்து நின்றபாடில்லை. கடலால் பிரகபலின் குளிசைகள் மூட்டை மூட்டையாக வந்து கற்பிட்டிக் கடலிலும் மன்னார்க் கரையிலும் கைப்பற்றப்படும் செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். தாய்மார் கேட்பது நியாயம்: இதை ஏன் இன்னும் இறுக்கமாகத் தடுக்கவில்லை?

பிரகபலின் என்ன மருந்து என்று யோசித்துப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபமாக இருக்காது. நரம்பு சேதமடைந்ததால் வரும் வலிக்குக் கொடுக்கும் மருந்து அது. ஷெல்லில் கால் போனவருக்கு, இல்லாத காலில் இரவெல்லாம் நெருப்பு வைத்தது போல எரியுமே, அந்த வலிக்கும் கொடுக்கிறார்கள். ஒரே குளிசை, ஒரு பக்கம் படகில் வந்து பாடசாலை மதிலோரம் விற்கப்படுகிறது. மறுபக்கம் போரில் அவயவம் இழந்தவரின் மருந்துச் சீட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018இல் பிரகபலினையும், துஷ்பிரயோகம் அதிகமென்று அறியப்பட்ட வலிநிவாரணியான ட்ரமடோலையும் ஆராய்ந்து, இரண்டையும் சர்வதேச அட்டவணையில் சேர்க்கும்படி பரிந்துரைக்கவில்லை. கெற்றமினுக்குச் சொன்ன அதே பயம்தான் ட்ரமடோலுக்கும்.

படகில் வருவதை மறிக்க வேண்டியது கடற்படையும் பொலிசும். அதற்கு இறக்குமதி அனுமதிப்பத்திரத்தை இறுக்குவதால் எதுவும் ஆகாது; படகுக்காரர் பத்திரம் கேட்டு வரிசையில் நிற்பவர் அல்ல. பாமசிகளில் மருந்துச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுப்பது வேறு வேலை, அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இவை இரண்டையும் விட்டுவிட்டு மருந்தையே அருமையாக்கினால் கிளிநொச்சி வைத்தியசாலையின் வரிசையில் நிற்பவருக்குத்தான் முதலில் இல்லாமல் போகும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. பெரிய நகரத்துப் போதனா வைத்தியசாலைக்கே அந்த நிலைமை என்றால் மல்லாவிக்கும் மாங்குளத்துக்கும் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்காக ஒரு விடயம். அம்மாவுக்கு நித்திரை வருவதில்லை என்று கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ டயசிபாமோ குளொனசிபாமோ பார்சலில் அனுப்புவது அன்பினால் செய்வதுதான். சட்டத்தின் பார்வையில் அது உளமாற்றுப் பொருளொன்றின் இறக்குமதி. சுங்கத்தில் பிடிபட்டால் அம்மாதான் பதில் சொல்ல வேண்டிவரும். பயணி ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகச் சிறு அளவு கொண்டுபோவதை நாடுகள் அனுமதிக்கலாம் என்று 1971 ஒப்பந்தம் இடம் விட்டிருக்கிறது. எவ்வளவு, எந்த ஆவணத்தோடு என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கிறது. வைத்தியரின் கடிதமும், பெயர் ஒட்டிய மூலப் பெட்டியும் கையில் இருக்கட்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எங்களிடம் சாதாரண வலிக் குளிசையாகப் பாவிக்கும் ட்ரமடோலும் கொடெயின் கலந்தவையும், பிரகபலினும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் முன்கூட்டிய அனுமதி தேவைப்படும் மருந்துகள். காயத்துக்காக எடுக்கும் மருந்து என்று அங்கே விமான நிலையத்தில் நின்று தமிழில் விளங்கப்படுத்த முடியாது.

வியன்னாவுக்கு இலங்கை அனுப்பும் மதிப்பீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் முழு நாட்டுக்குமாக ஒரே ஒரு தொகைதான் இருக்கும். வன்னிக்கு எவ்வளவு என்று அதில் தனியாக எழுதுவதில்லை. அந்தத் தொகைக்குள் எங்கள் மாவட்டங்களின் வலிப்பு நோயாளிகளும், நித்திரை இழந்த தாய்மாரும், கால் இழந்தவர்களும் எண்ணப்பட்டிருக்கிறார்களா என்பதை வைத்தியசாலைகள் அனுப்பும் வருடாந்த மருந்துத் தேவைக் கணக்கிலிருந்துதான் தொடங்கிப் பார்க்க வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் அந்தக் கணக்கைக் கேட்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. கேட்பதற்கு ஒரு கடிதம் போதும்.